விண்கலத்துக்கு வழி சொல்வது யார்?

(அறிவியல் பகுதி: பதினோராம் வகுப்பிலிருந்து)



செல்போனில் மேப்பைத் திறந்தால் நாம் நிற்கிற இடத்தில் ஒரு நீலப் புள்ளி வந்து உட்காரும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை வைத்துத்தான் அது வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். சரி, அந்த சிக்னல் நமக்குக் கிடைக்குது. நம் தலைக்கு மேலே 500 கி.மீ. உயரத்தில் வேறொரு செயற்கைக்கோள் பறந்துகொண்டே இருக்கிறதே, அதுக்கு அது இருக்கிற இடத்தை யார் சொல்வது? அதுக்கும் இதே சிக்னல் கிடைக்குமா? கிடைத்தால் எல்லா நேரமும் கிடைக்குமா? இந்த முறை நான் எழுதுவது இதைப் பற்றித்தான். முழுசா படிச்சிட்டுப் போங்க. கடைசியில் கேள்வி இருக்கு!

இடம் தெரியாவிட்டால் என்ன நஷ்டம்?

2009 பிப்ரவரி 10. சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ. உயரம். வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்காவின் இரிடியம் 33 என்ற தொலைபேசிச் செயற்கைக்கோளும், செயலிழந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251 என்ற செயற்கைக்கோளும் மோதிக்கொண்டன. மோதிய வேகம் வினாடிக்குக் கிட்டத்தட்ட 11.7 கி.மீ. இரண்டும் தூள் தூளாகின. தரையிலிருந்து ரேடாரில் பார்க்கக்கூடிய அளவுள்ள துண்டுகள் மட்டுமே 2000-க்கு மேல்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்றைக்குப் பொதுவில் கிடைத்த ஒரு கணிப்புப்படி அவை இரண்டும் 584 மீட்டர் இடைவெளியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்க வேண்டும். கணக்கு தப்பியது அந்த அரைக் கிலோமீட்டர்தான். அந்த அரைக் கிலோமீட்டரில் எல்லாம் போச்சு.

ஏன் தப்புகிறது? தரையில் இருக்கிற ஒரு நிலையத்துக்கு, 500 கி.மீ. உயரத்தில் போகும் செயற்கைக்கோள் ஒரு தடவை கண்ணில் பட்டால் அதிகம் போனால் 12 நிமிடம்தான் தெரியும். அப்புறம் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். கடலுக்கு மேலே போகும்போது பார்க்க ஆளே இல்லை. மீதி நேரமெல்லாம் "இந்நேரம் இங்கே இருக்கும்" என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான். செயற்கைக்கோளோ வினாடிக்கு 7.6 கி.மீ. ஓடுகிறது. நாம் "ஒன்று" என்று எண்ணி முடிப்பதற்குள் ஏழரைக் கிலோமீட்டர்! அந்த உயரத்திலும் லேசாகக் காற்று இருக்கிறது. சூரியன் சீறும் நாட்களில் அந்தக் காற்று மண்டலம் உப்பி, செயற்கைக்கோளைக் கூடுதலாக இழுக்கும். அப்போது கணக்கு இன்னும் தள்ளிப்போகும்.

காஸ்மாஸ் போன்ற செயலிழந்த செயற்கைக்கோள் தன் இடத்தைத் தானே சொல்லாது, அது உண்மைதான். ஆனால் உயிரோடு இருக்கிற செயற்கைக்கோளாவது தன் இடத்தைச் சரியாகச் சொன்னால் பாதிச் சந்தேகம் தீருமே! அதுக்குத்தான் ஜி.பி.எஸ்.

சுருக்கமாக ஒரு பாடம்

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் 6 பாதைகளில் சுற்றுகின்றன. குறைந்தது 24 வேண்டும். இப்போது 31 அளவில் வேலை செய்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு" என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். ரிசீவர் அந்த நேரத்தையும் தன் கடிகாரத்தையும் ஒப்பிட்டு, சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும். ரேடியோ அலை வினாடிக்கு 3 லட்சம் கி.மீ. போவதால், நேரத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடும்.

இடத்தைச் சொல்ல மூன்று எண்கள் வேண்டும். ரிசீவரின் கடிகாரம் எவ்வளவு தப்பாக ஓடுகிறது என்பது நான்காவது. நான்கு தெரியாதவை, ஆகவே நான்கு சமன்பாடுகள், ஆகவே நான்கு செயற்கைக்கோள்கள். பத்தாம் வகுப்பில் ஒருங்கமை சமன்பாடு எதுக்கு என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்!

டார்ச் லைட்டும் பந்தும்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் ஆன்டெனா பூமியைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பந்தைத் தூரத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் பந்து மேல் மட்டும் விழாது. பந்தின் ஓரத்தைத் தாண்டி வளையம் போல வழிந்து பின்னால் போகும். அந்த வளையத்துக்குள் பறக்கும் ஈ மேலும் வெளிச்சம் படும், இல்லையா?

எண்ணில் சொல்கிறேன். 20,200 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் பூமி, மையக் கோட்டிலிருந்து ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 14 டிகிரி மறைக்கும். ஆன்டெனாவின் முக்கியக் கற்றையோ ஒவ்வொரு பக்கமும் 20 டிகிரிக்குச் சற்று மேல் விரிகிறது. ஆக, ஓரத்தில் ஏழெட்டு டிகிரி அளவுக்கு சிக்னல் வழிகிறது. 500 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோள் பூமியின் ஓரத்தை ஒட்டி நின்றாலும் 15 டிகிரிக்குள்தான் வரும். அதனால் அது எப்போதும் கற்றைக்குள்ளேயே இருக்கும்.

சுமார் 3000 கி.மீ. உயரம் வரை இந்த நிலை நீடிக்கும். அதனால்தான் ஜி.பி.எஸ். சேவையைப் பிரிக்கும்போது தரையிலிருந்து 3000 கி.மீ. வரை ஒரு பகுதி, அதற்கு மேல் 36,000 கி.மீ. வரை இன்னொரு பகுதி என்று வைத்திருக்கிறார்கள். தாழ்வான சுற்றுப்பாதை என்பது 2000 கி.மீ. வரைதான். அது முழுக்க முதல் பகுதிக்குள் அடங்கிவிடுகிறது.

வரைந்து பாருங்கள்

நான் இதைச் சார்ட் பேப்பரில் வரைந்து பார்த்தேன். நீங்களும் செய்யலாம். 1 செ.மீ. என்பது 2000 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 3.2 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். இது பூமி. அதே மையத்திலிருந்து 13.3 செ.மீ. ஆரத்தில் பெரிய வட்டம். இது ஜி.பி.எஸ். பாதை. காம்பஸ் எட்டாவிட்டால் நூலையும் பென்சிலையும் வைத்து வரையலாம்.

பூமி வட்டத்தின் உச்சியில் ஒரு புள்ளி வைத்து, அதில் தொடுகோடு வரையுங்கள். இது தரையில் நிற்கிற நம் தொடுவானம். பெரிய வட்டத்தில் இந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிற பகுதிதான் நமக்குத் தெரியும். பாகைமானியால் அளந்தால் மையத்தில் 152 டிகிரி வரும். பாதிக்கும் குறைவு.

அடுத்து, உச்சிக்கு மேலே இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. இதுதான் 500 கி.மீ. உயரத்துச் செயற்கைக்கோள். அங்கிருந்து பூமி வட்டத்தின் இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டு போகும்படி இரண்டு கோடுகள் வரைந்து, பெரிய வட்டம் வரை நீட்டுங்கள். கோடுகள் இரண்டும் கீழ்நோக்கிச் சாயும். இப்போது மேலே இருக்கிற பகுதியை அளந்தால் 196 டிகிரி! பாதியைத் தாண்டிவிட்டது.

பேப்பரில் வட்டம், வானத்தில் கோளம். கோளத்துக்குக் கணக்குப் போட்டால், தரையிலிருந்து ஜி.பி.எஸ். உலாவும் கோளத்தில் 38 சதவீதம் தெரியும். 500 கி.மீ. மேலே போனால் 57 சதவீதம் தெரியும். 31 செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய சீராகப் பரவியிருப்பதாக எடுத்துக்கொண்டால் நமக்கு 12, விண்கலத்துக்கு 17 அல்லது 18. நமக்காவது கட்டடம், மரம், மலை என்று ஏதாவது மறைக்கும். அதுக்கு அந்தத் தொல்லையும் கிடையாது.

அதனால் முதல் கேள்விக்குப் பதில்: கிடைக்கும். நம்மைவிட அதிகமாகவே கிடைக்கும்!

எல்லாக் காலத்திலும் இப்படி இல்லை

1982 ஜூலையில் ஏவப்பட்ட லேண்ட்சாட் 4 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளில் ஜி.பி.எஸ். ரிசீவர் வைத்து அனுப்பினார்கள். ஆனால் அதுவரை வெற்றிகரமாக மேலே போய்ச் சேர்ந்திருந்த ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களே 6 தான். நான்கு ஒரே நேரத்தில் கண்ணில் படும் நேரம் மட்டும்தான் முழுசாக இடம் தெரியும். மற்ற நேரம் பழையபடி கணக்குதான்.

1992 ஆகஸ்டில் டோபெக்ஸ்/பொசைடான் போனது. இது அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பியது. 1336 கி.மீ. உயரத்திலிருந்து ரேடாரால் கடல்மட்டத்தை அளப்பது இதன் வேலை. யோசிச்சுப் பாருங்க, கடல் எவ்வளவு உயர்ந்தது என்று சென்டிமீட்டரில் சொல்ல வேண்டுமானால், அளக்கிற கோல் எங்கே நிற்கிறது என்பதும் சென்டிமீட்டரில் தெரிய வேண்டாமா? அதில் இருந்த ஜி.பி.எஸ். ரிசீவரின் பதிவுகளை வைத்துப் பிறகு கணக்கிட்டபோது, உயரத்தை மூன்று சென்டிமீட்டர் அளவுக்குள் சொல்ல முடிந்தது. அப்போது ஜி.பி.எஸ். அமைப்பு நிறைவை நெருங்கிக்கொண்டிருந்தது. 1995 ஏப்ரலில் அது முழுமையாக இயங்குவதாக அறிவிக்கப்பட்டது.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

போதாது. மூன்று தடைகள் இருக்கின்றன.

முதலாவது வேகம். ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு பஸ் நம்மைக் கடந்து போகும்போது சத்தம் முதலில் கீச்சென்றும் பிறகு தணிந்தும் கேட்கும் அல்லவா? அதுதான் டாப்ளர் விளைவு. ரேடியோ அலைக்கும் இது உண்டு. ஜி.பி.எஸ். முக்கிய சிக்னலின் அதிர்வெண் 157.5 கோடி ஹெர்ட்ஸ். தரையில் இருக்கும் ரிசீவருக்கு இது ஏறக்குறைய 5 ஆயிரம் ஹெர்ட்ஸ் அங்கே இங்கே நகரும். தாழ்வான சுற்றுப்பாதையில் 40 ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவுக்கு நகரும். ரிசீவர் எட்டு மடங்கு அகலத்தில் தேட வேண்டும். சிக்னலோ ரொம்ப ரொம்ப மெலிசு. வந்து சேரும்போது ஒரு வாட்டைக் கோடியால் வகுத்து, மறுபடியும் கோடியால் வகுத்தால் வருவதைவிடவும் குறைவு.

இன்னொன்று, நமக்கு ஒரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் மணிக்கணக்கில் தெரியும். விண்கலம் பூமியை 95 நிமிடத்தில் சுற்றிவிடுவதால், அதுக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் உதித்து மறைந்துவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது பூட்டு. இது இயற்கை போட்டதில்லை, மனிதர்கள் போட்டது. ஏவுகணைக்குப் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக, சாதாரண ரிசீவர்கள் சுமார் 18 கி.மீ. உயரத்துக்கு மேலும், வினாடிக்கு 515 மீட்டர் வேகத்துக்கு மேலும் வேலை செய்யாதபடி அமைக்கப்பட்டன. சிக்னல் வந்துகொண்டே இருக்கும், ரிசீவர் வாயைத் திறக்காது! சில ரிசீவர்கள் இரண்டில் ஒன்றைத் தாண்டினாலே நின்றுவிடும். உயரப் பறக்கும் பலூன் திட்டம் செய்ய ஆசைப்படும் நம் பள்ளி நண்பர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளவும். வாங்குவதற்கு முன்னால் உயர வரம்பு என்னவென்று கேட்டுவிடுங்கள். விண்கலத்துக்கு இந்தப் பூட்டு இல்லாத தனி ரிசீவர் வேண்டும்.

மூன்றாவது ஆன்டெனா எங்கே பார்க்கிறது என்பது. 17 தெரியும் என்று நான் சொன்னது எல்லாப் பக்கமும் பார்க்க முடிந்தால்தான். பொதுவாக ஆன்டெனாவை மேல்பக்கம் பார்த்து வைப்பார்கள். விண்கலம் கட்டுப்பாடு இழந்து உருண்டால் ஆன்டெனா பூமிப் பக்கம் திரும்பி, சிக்னல் விட்டு விட்டு வரும். இடம் தெரிந்தாக வேண்டிய அவசர நேரத்தில்தான் இந்தக் கஷ்டம் வரும் என்பதால், சில விண்கலங்களில் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு ஆன்டெனா வைக்கிறார்கள்.

நடுவில் ஒரு ஓட்டை

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பூமியின் காந்தப் புலத்தை அளக்க ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2013 நவம்பர் 22 அன்று ஸ்வார்ம் என்ற மூன்று செயற்கைக்கோள்களை அனுப்பியது. நல்ல ரிசீவர், நல்ல ஆன்டெனா, சரியான உயரம். ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் 166 தடவை ஜி.பி.எஸ். இணைப்பு அறுந்துபோனது. எங்கே என்று பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை நிலநடுக்கோட்டின் இரு பக்கமும், ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவிலுள்ள பகுதியில்!

காரணம் அயனி மண்டலம். சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற அடுக்கு அது. காந்த நடுக்கோட்டுக்கு மேலே சூரியன் மறைந்ததும் இந்த மண்டலத்தின் கீழ்ப்பகுதி சீக்கிரம் நீர்த்துப்போகும். மேல்பகுதி அடர்த்தியாகவே இருக்கும். அடியில் லேசானது, மேலே கனமானது. நிற்குமா? எண்ணெயை அடியிலும் தண்ணீரை மேலேயும் வைத்தது போலத்தான். லேசான பகுதி குமிழ் குமிழாகக் கிளம்பி மேலே ஏறும். அந்தக் குமிழ்கள் வழியே வரும் சிக்னல் நட்சத்திரம் மாதிரி மினுங்கும். மினுங்கல் அதிகமானால் ரிசீவர் பிடியை விட்டுவிடும். ஸ்வார்ம் பறப்பதே 450 முதல் 530 கி.மீ. உயரத்தில். அதாவது அந்தக் குமிழ்களுக்கு நடுவிலேயே!

காந்த நடுக்கோடு நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. அது இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவியதற்கு அந்தக் கோடு பக்கத்தில் இருந்ததுதான் காரணம். திருநெல்வேலியிலும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. நம் தலைக்கு மேல் ராத்திரியில் எழும்பும் குமிழ்களை ஆராய்வது வெறும் ஆசைக்காக இல்லை. விண்கலத்துக்கு வழி தவறாமல் இருக்கவும் அது வேண்டும்.

மறையும் சிக்னலும் வீணாவதில்லை

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒன்று பூமியின் ஓரத்தில் மறையும்போது, அதன் சிக்னல் காற்று மண்டலத்தை உரசிக்கொண்டு வரும். டம்ளர் தண்ணீரில் பென்சில் வளைந்து தெரிவது போல அந்த சிக்னலும் வளையும். எவ்வளவு வளைந்தது என்று விண்கலம் அளந்தால், அந்தக் காற்றின் வெப்பநிலையையும் ஈரத்தையும் கணக்கிடலாம். இதை முதலில் 1995-இல் செய்து பார்த்தார்கள். நம் இஸ்ரோ 2009 செப்டம்பர் 23 அன்று ஏவிய ஓசன்சாட் 2-லும் இதற்காக இத்தாலியில் செய்த ஒரு கருவி இருந்தது. பலூன் விட ஆளில்லாத நடுக்கடல் காற்றைப் பற்றிக்கூட இப்படித் தெரிந்துகொள்ளலாம். புயல் அடிக்கிற கரையில் வாழ்கிற நமக்கு இதன் அருமை தெரியும்.

நாவிக் எப்படி?

நம் நாட்டின் நாவிக் அமைப்புக்கான முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று போனது. இந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் எப்போதும் நம் பக்கத்திலேயே இருக்கும்படி அமைந்தவை. இந்தியாவையும் சுற்றி 1500 கி.மீ. வரையும் சேவை தருவது நோக்கம். நமக்கு இது வசதி. ஆனால் தாழ்வான பாதையில் போகும் விண்கலம் 95 நிமிடத்தில் உலகத்தையே சுற்றுகிறதே! அது அமெரிக்காப் பக்கம் போகும்போது நாவிக் பூமிக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஆகவே விண்கலம் நாவிக்கை மட்டும் நம்பி இருக்க முடியாது. ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ நான்கும் சேர்த்தால் நூறுக்கும் மேல் செயற்கைக்கோள்கள். எத்தனை பேரைக் கேட்கிறோமோ அத்தனைக்கு ஓட்டை அடையும்.

நம் கண் முன்னே நடந்தது

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஸ்பேடெக்ஸ் என்ற திட்டத்தில் தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் போயின. 2025 ஜனவரி 16 அன்று விண்வெளியிலேயே ஒன்றோடொன்று இணைந்தன. இதைச் செய்த நான்காவது நாடு இந்தியா. இரண்டும் வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டே, ஒன்றை ஒன்று மென்மையாகத் தொட வேண்டும்.

இரண்டிலும் வழிகாட்டு சிக்னல் ரிசீவர் இருந்தது. அது சொல்வதை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்று எங்கே, எந்த வேகத்தில் இருக்கிறது என்று கணக்கிடும் கருவியையும் இஸ்ரோ வைத்திருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு ரிசீவருக்கும் பெரும்பாலான பிழைகள் ஒரே மாதிரி வரும். கழித்துப் பார்த்தால் பிழை போய்விடும், இடைவெளி மட்டும் மிஞ்சும். மிக அருகில் வந்த பிறகு லேசர் போன்ற மற்ற கருவிகள் பார்த்துக்கொண்டன.

2009-இல் இரண்டு செயற்கைக்கோள்கள் சந்தித்தன. ஒன்றுக்கொன்று இடம் தெரியவில்லை. 2000 துண்டுகள். 2025-இல் இரண்டு சந்தித்தன. ஒன்றின் இடம் இன்னொன்றுக்குத் தெரிந்திருந்தது. கைகுலுக்கல்!

ஒரு துணுக்கு: 2025 மார்ச்சில் நிலவில் இறங்கிய புளூ கோஸ்ட் என்ற கலத்தில் இருந்த ஒரு ரிசீவர், நிலவிலிருந்தே ஜி.பி.எஸ்., கலிலியோ சிக்னல்களைப் பிடித்து இடத்தைக் கணக்கிட்டது. பூமியின் ஓரத்தில் வழிந்த சிக்னல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

இப்போ உங்களுக்குக் கேள்வி

1. சார்ட் பேப்பரில் 4.7 செ.மீ. ஆரத்தில் இன்னொரு வட்டம் வரையுங்கள். அது எத்தனை கி.மீ. உயரம்? பெரிய வட்டத்தில் ஒரு புள்ளி எடுத்து இதற்குத் தொடுகோடு வரைந்தால் மையக் கோட்டோடு எத்தனை டிகிரி வருகிறது? அந்த எண்ணை இந்தக் கட்டுரையில் எங்கே பார்த்தீர்கள்?

2. 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் ஒரு செயற்கைக்கோள், தனக்குக் கீழே இருக்கிற ஜி.பி.எஸ். சிக்னலை எந்தப் பக்கத்திலிருந்து பெற முடியும்? (டார்ச் லைட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க.)

விடைகளைப் பெயர், வகுப்பு எழுதி இந்தப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். இயற்பியல் ஆசிரியர் திருத்தித் தருவார். சரியான விடை அடுத்த இதழில் படத்தோடு வரும்.